நாக்கை நீட்டச் சொன்ன தோட்டம்

எனக்கு எழுபது வயசு. வளர்த்தது நாலு. மூன்று பேரைப் பத்தாவதோடு நிறுத்தி வேலைக்கு அனுப்பிவிட்டேன். கடைசி மகளை மட்டும் மதுரையில் ஹாஸ்டலில் விட்டுப் படிக்க வைத்தேன். படிக்க வைத்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அவளே வேலை பார்த்து, அவளே சாப்பிட்டு, அவளே படித்தாள். நான் பக்கத்தில் நின்றேன். ஒரே ஓர் இடத்தில் நிற்காமல் போனேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்பு. எழுத்து கோணலாக வரும், மெதுவாக வரும். எனக்கு ஓர் அவசரமும் இல்லை.

போன வாரம் அந்த மகளுடைய மகள் லீவுக்கு வந்தாள். கோயம்புத்தூரில் படிக்கிறாள். சாயந்தரம் காலேஜ் விட்டதும் ஒரு துணிக்கடையில் நிற்கிறாளாம், அந்தச் சம்பளத்தில்தான் ஹாஸ்டல் சாப்பாடாம். எனக்குச் சந்தோசம். சோறு போட்டுக்கொண்டே, கடையில் எப்படி நடத்துறாக என்று கேட்டேன்.

"நல்லாத்தான் அம்மாச்சி. கெளம்பும்போது மட்டும் பையத் தொறந்து காட்டணும். உதறிப் பாப்பாக."

"உன்னையவா?"

"எல்லாரையும்தான். அதுல என்ன இருக்கு? காட்டிட்டு வந்துருவேன்."

சிரித்துக்கொண்டே குழம்பு கேட்டாள். குழம்பை ஊற்றும்போதே இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்துவிட்டேன். அவளுடைய அம்மா இந்தக் கதையை அவளிடம் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டாள். அதனால் நான் சொல்கிறேன்.

என் மகளுக்கு அப்போது காலேஜ் பீஸ் உதவித்தொகையில் கழிந்துவிடும். சாப்பாட்டுக்குத்தான் வழி இல்லை. மெஸ் பணம் கட்டாத பிள்ளைகளின் பேரை ஹாஸ்டல் வாசலில் ஒரு போர்டில் எழுதிப் போடுவார்களாம். இரண்டு மாசம் பேர் அழியாமல் இருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர வேண்டியதுதான். முதல் வருச முடிவில் அவள் பேர் போர்டில் ஏறிவிட்டது. கோடை லீவு விட்ட மறுநாளே என்னோடு திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தாள். அந்த லீவுக்குள் சேர்த்தால் படிப்பு, சேர்க்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கத்தில் தோட்டம். பன்னீர்த் திராட்சை. தலைக்கு மேலே பந்தலில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அண்ணாந்துகொண்டே காம்பைப் பிடித்துக் கத்தரிக்க வேண்டும். பழத்தில் விரல் படக்கூடாது. மேலே வெள்ளையாக மாவு மாதிரி படிந்திருக்கும், தொட்டால் அந்த இடம் பளபளவென்று காட்டிக்கொடுத்துவிடும், வியாபாரி விலையைக் குறைப்பான். அவள் இரண்டே நாளில் என்னைவிடச் சுத்தமாக வெட்டினாள். முதலாளி அவளை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ காலேஜு, அந்தப் பெட்டியத் தூக்கு" என்பார். அவளும் தூக்குவாள்.

பன்னீர்ப் பழம் தின்றால் நாக்கு கருநீலமாகிவிடும். எத்தனை தடவை வாய் கொப்பளித்தாலும் போகாது. மற்றத் தோட்டங்களில் வேலைக்கு வந்தவள் நாலு பழம் தின்றால் யாரும் கேட்க மாட்டார்கள். இந்தத் தோட்டத்தில் மட்டும் ஒரு வழக்கம். சாயந்தரம் வேலை விடும்போது முதலாளி வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருத்தியும் அவர் முன்னால் நின்று நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் பாதையில் ஏற வேண்டும். நாங்களும் காட்டினோம். பழகிப்போனால் எதுவும் வழக்கம்தான்.

மூன்றாவது வாரம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மகள் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து ஹாஸ்டல் வார்டனுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தாள். ஜூன் மாசம் பணம் கட்டிவிடுகிறேன், அதுவரைக்கும் என் இடத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று. பாதியில் பேனா எழுதவில்லை. ரீபிளை உருவி வாயில் வைத்து உறிஞ்சினாள். படிக்கிற பிள்ளைகள் எல்லாம் செய்வதுதான். மை பொங்கி வாய்க்குள் போய்விட்டது. துப்பினாள், கழுவினாள், மனுவை முடித்து மடித்து வைத்தாள். நானும் பார்த்துச் சிரித்தேன்.

சாயந்தரம் அவள் முறை வந்தபோது நாக்கை நீட்டாமல் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீட்டு ஆத்தா, நம்ம மேல என்ன தப்பு இருக்கு" என்றேன்.

நீட்டினாள்.

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அடி சக்க! காலேஜு நாக்கப் பாருங்க எல்லாரும். இன்னும் நீட்டு. பின்னால நிக்கிறவளுக்குத் தெரியலைல்ல."

"மொதலாளி, அது பேனா மையி" என்றேன்.

"மை எது, பழம் எதுன்னு எனக்கு நீ சொல்லித்தாரியா? இந்தப் பந்தலுக்குக் கீழதான் எனக்குத் தலை நரைச்சிருக்கு."

நரைத்ததுதான். ஆனால் அந்தத் தோட்டத்தில் அத்தனை வருசமும் தின்ற நாக்கைப் பார்த்திருந்தாரே தவிர, எழுதுகிற நாக்கை ஒரு நாளும் பார்த்ததில்லை. மை என்றால் அவருக்குக் கட்டைவிரலில் ஒட்டுவது. எங்கள் ஆட்களுக்கும் அப்படித்தான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"காலேஜுல திருடவும் சொல்லித்தாராகளோ? நாளையிலேர்ந்து வராத" என்றார்.

மறுநாள் வேறு தோட்டத்துக்குப் போனோம். அங்கனயும் பேச்சு எங்களுக்கு முந்திப் போயிருந்தது. பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பயல்கள், "ஏலே, நீலநாக்கு வருதுடா" என்றான்கள். என் மகள் அழவில்லை. வீட்டுக்கு வந்து, சாம்பலை வைத்து நாக்கைத் தேய்தேய் என்று தேய்த்தாள், ரத்தம் வருகிற வரைக்கும்.

அப்புறம் இரண்டு பேரும் விடியக்காலம் கம்பத்தில் ஜீப் பிடித்து, மலை ஏறி, ஏலக்காய்த் தோட்டத்தில் களையெடுக்கப் போனோம். ஒரு ஜீப்பில் இருபது பேர். வாந்தியும் வளைவுமாக ஒரு மாசம். காலில் அட்டை கடித்த தழும்போடுதான் ஜூனில் மதுரைக்குப் போனாள். போர்டில் இருந்த பேரை அவளே நின்று அழிக்கச் சொன்னாளாம். அதற்குமேல் லீவை நம்பி இருக்க மாட்டேன் என்று சாயந்தரம் சாயந்தரம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். படித்து முடித்து டீச்சர் ஆனாள். அது அவள் கதை.

என் கதை வேற. நான் அந்த முதலாளியை மறக்கவில்லை. எதிரில் பார்த்தால் கும்பிட்டேன். "நல்லா இருக்கீகளா" என்று கேட்டேன். அவர் வீட்டு விசேசத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டும் வந்தேன். ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டேன்: இருடா, இரு.

ஒன்பது வருசம் இருந்தேன். அதற்குள் வேலைக்கு ஆள் கூட்டிப்போகிறவளாக ஆகிவிட்டேன். நான் சொல்கிற தோட்டத்துக்குத்தான் இருபது பெண்கள் வருவார்கள். அவர் தோட்டத்தை மட்டும் நான் சொன்னதில்லை.

அந்த வருசம் சித்திரைத் திருவிழாவுக்கு அவருடைய ஆட்கள் எல்லாம் போய்விட்டார்கள். பழம் பழுத்து நிற்கிறது. மேற்கு மலையில் மேகம் கருக்கிறது. ஒரு மழை பட்டால் பழம் வெடித்துவிடும். காலையிலேயே என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஆத்தா, இருபது ஆளு வேணும். ரெண்டு நாளு வேலை. நீ மனசு வச்சா முடியும்."

"வாரோம் மொதலாளி. நீங்க முன்னால போங்க."

போனோம். கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு இருபது பேரும் வரப்பில் நின்றோம். யாரையும் உள்ளே போக விடவில்லை நான்.

"என்ன ஆத்தா, மழை வருது, எறங்குங்க" என்றார்.

"எறங்குறோம். அதுக்கு முந்தி நீங்க நாக்க நீட்டுங்க."

"என்னது?"

"நாக்கு, மொதலாளி. நீங்க காலையில நாலு கொத்து தின்னுட்டு, சாயந்தரம் எங்க மேல பழியப் போட்டீகன்னா நாங்க என்ன செய்ய? பாத்துட்டு எறங்கிருவோம்."

"ஏய், வெளாடுற நேரமா இது?"

"மேகத்தக் கேளுங்க."

அவர் மேகத்தைப் பார்த்தார். பழம் ஏற்ற வந்து நின்ற லாரிக்காரனைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தபோதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. வந்தது எனக்குத் தெரிந்தது. மெதுவாக நாக்கை நீட்டினார். வெற்றிலைச் சிவப்பு.

"இன்னும் நீட்டுங்க. பின்னால நிக்கிறவளுக்குத் தெரியலைல்ல" என்றேன்.

நீட்டினார்.

இறங்கி வெட்டினோம். பெட்டிக்கு வந்த ஒரு பழத்திலும் விரல் படவில்லை. ஆனால் நான் எங்கள் பெண்களிடம், வயிறு கொள்ளுமட்டும் தின்னுங்கடி என்று சொல்லியிருந்தேன். சாயந்தரம் அவர் நாற்காலி போடவில்லை. நானே போட்டு உட்கார வைத்தேன். இருபது பேரும் வரிசையாக வந்து அவர் முன்னால் நாக்கை நீட்டினோம். இருபதும் கருநீலம். பாதித் தோட்டம் இன்னும் வெட்டக் கிடந்தது. "நாளைக்குச் சீக்கிரம் வந்துருங்க ஆத்தா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் நாங்கள் போகவில்லை. மத்தியானம் மழை வந்தது.

இரண்டு நாள் கூலி ஒரு நாளாகப் போனதற்குப் பெண்கள் என்னை வைதார்கள். மூன்று பேர் அதற்கப்புறம் என்னோடு வரவில்லை. அவர்கள் பேச்சில் நியாயம் இருந்தது. மகள் கேள்விப்பட்டு ஊருக்கு வந்தாள். அவளுக்குத்தான் கோபம்.

"பாதித் தோட்டம் வீணாப் போச்சாமே. எனக்காகவா செஞ்ச? நான் கேட்டேனா?"

"உனக்காக இல்ல தாயி. அன்னைக்கு உன்னைய 'நீட்டு'ன்னு சொன்ன வாயி என் வாயி. அதுக்காக."

அவள் அடுத்த பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டாள். இன்றைக்கு வரைக்கும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எனக்கு வருத்தமா என்று கேட்டால், இல்லை. மழைச் சத்தம் கேட்டால் இப்போதும் எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது.

ஏடி பேத்தி, செல்லைக் கீழ வச்சுட்டு இங்கன வா. இதை முதலிலிருந்து சத்தமா வாசி. எழுத்துத் தப்பு இருந்தா இருக்கட்டும், திருத்தாத. அவரு நாக்க நீட்டுன இடம் வந்தா நிறுத்தி, இன்னொரு தடவை வாசி. வாசிச்சு முடிச்சுட்டு, உன் பையை உதறிப் பாக்குற ஆளு யாரு, எப்பிடி இருப்பாக, அதையும் விவரமாச் சொல்லு.