சிவப்பு விளக்கை எண்ணுகிறவர்

"நீளம் ஒண்ணு, ரெண்டு. குட்டை ஒண்ணு, ரெண்டு, மூணு... பேசாதீங்க, கணக்கு தப்பிரும்."

நரூமி திரும்பிப் பார்க்காமலே சொல்கிறார். வீட்டுச் சுவரோரம் பனியில் மண்டியிட்டிருக்கிறார். வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்பின் வெளிப்பெட்டி பக்கத்தகடு கழன்று திறந்திருக்கிறது. உள்ளே மிளகளவு சிவப்பு விளக்கு ஒன்று மின்னி மின்னி அணைகிறது. பனி வெளிச்சத்தில் அது தெரியாது என்பதால் இரண்டு உள்ளங்கைகளையும் கூடுபோலக் குவித்து, அதற்குள் முகத்தைப் புதைத்து எண்ணுகிறார். மூன்று முறை எண்ணி மூன்று முறையும் ஒரே கணக்கு வந்தால்தான் எழுந்திருப்பார்.

ஐம்பத்தெட்டு வயது மனிதர். குட்டையான, அகன்ற உருவம். இடது காது மடலில் பனி கடித்த தழும்பு. த்ஸுகாரு சமவெளியில் எங்கள் ஊருக்கும் சுற்றியுள்ள ஆறு குக்கிராமங்களுக்கும் இந்தப் பெட்டிகளைப் பழுது பார்க்க இருக்கும் ஒரே ஆள் அவர்தான். நான் தனியாக வாழும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவன். நான் போகும் வீடுகளுக்குத்தான் அவரும் போகிறார். பிள்ளைகள் தோக்கியோவிலோ செந்தாய் நகரத்திலோ இருக்கிறார்கள். இங்கே வீட்டுக்கு ஒருவர். அவரைச் சூடாக வைத்திருக்க ஒரு பெட்டி.

விளக்கு மின்னும் கணக்குதான் பழுதின் எண். ஒவ்வொரு எண்ணுக்கும் நரூமி ஒரு பெயர் வைத்திருக்கிறார். உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் தொடர்பு அறுந்திருந்தால் "புருஷன் பொண்டாட்டி சண்டை". வெப்பத்தை அளக்கும் சென்சார் தப்பாகக் காட்டினால் "பொய் சாட்சி". விசிறி சுற்றாவிட்டால் "மூச்சடைப்பு". ஆனால் எண்ணை மட்டும் நம்பி எந்தப் பாகத்தையும் மாற்ற மாட்டார். "வலிக்கிற எடத்தத்தான் அது சொல்லும். ஏன் வலிக்குதுன்னு சொல்லாது" என்பார். பொய் சாட்சி என்று காட்டிய ஒரு பெட்டியில் சென்சார் நன்றாகவே இருந்தது. அதன் வயரைத்தான் எலி கடித்திருந்தது. உள்ளே வைக்கோலும் நான்கு குட்டிகளும். குட்டிகளைத் தன் தொப்பியில் அள்ளி மாட்டுக்கொட்டகையில் விட்டுவிட்டு வந்துதான் வயரை ஒட்டினார்.

மின்சாரத்தை நிறுத்தினாலும் சர்க்யூட் போர்டில் பத்து நிமிடம் கரன்ட் தங்கியிருக்கும். அதுவரை தொடக் கூடாது. நரூமிக்கு அதுதான் சாப்பாட்டு நேரம். நெஞ்சுப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் சோற்றுருண்டையை எடுத்து, நின்றபடியே தின்பார். ஒரு வீட்டுக்கு ஒரு உருண்டை. எத்தனை உருண்டை மிச்சம் என்று பார்த்துத்தான் இன்னும் எத்தனை வீடு பாக்கி என்று அவர் தெரிந்துகொள்வார்.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன்பு ஜின்பாச்சி என்ற ஆப்பிள் தோட்டக்காரர் போன் செய்தார். எண்பத்தோரு வயது. ரிமோட்டில் தெரிந்த எண்ணைப் படித்துச் சொன்னார். மூச்சடைப்பு. விசிறியில் பனி இறுகியிருக்கும். அரை மணி நேர வேலை. நரூமிக்கு அன்று இன்னும் ஐந்து வீடு பாக்கி. "நாளைக்குக் காலைல மொத வேலையா வர்றேங்கய்யா. போத்திக்கிட்டு உள்ளயே இருங்க" என்றார்.

பொழுது விடிவதற்குள் புயல் சாலையை மூடிவிட்டது. இரண்டு நாள் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பனிவாரும் வண்டியின் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார். சாப்பாட்டுப் பையோடு நானும் கூடப் போயிருந்தேன். ஜின்பாச்சி பெட்டியருகே பனியில் கிடந்தார். கையில் மண்வாரி. தானே தோண்டிப் பார்த்திருக்கிறார்.

போலீஸ் வந்து உடலை எடுத்துப் போன பிறகும் நரூமி கிளம்பவில்லை. விசிறியில் இறுகிய பனியை உருக்கி எடுத்தார். வேறு பழுதே இல்லை. சுவிட்சைப் போட்டதும் ஆளில்லாத கூடத்தில் வெதுவெதுப்பான காற்று வீசத் தொடங்கியது. அணைக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓடட்டும்ப்பா. கொஞ்ச நேரம் ஓடட்டும்." அதன் பிறகு "நாளைக்கு" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. யார் கூப்பிட்டாலும் "கிளம்பிட்டேன்" என்கிறார், கிளம்பாதபோதும்.

இப்போது வேறொரு துன்பம். பெட்டிகளெல்லாம் பதினைந்து வருடப் பழசு. அவற்றுக்கான போர்டு செய்வதைக் கம்பெனி நிறுத்திவிட்டது. புதுப்பெட்டி மாட்ட நகரத்திலிருந்து ஆட்கள் வருவதற்குள் பனியே உருகிவிடும். அதற்குள் பிள்ளைகள் வந்து பெற்றோரை அழைத்துப் போய்விடுவார்கள். போன வருடம் நான்கு வீடுகள் அப்படிப் பூட்டப்பட்டன. ஒருவரும் திரும்பவில்லை.

போன வாரம் கிமியே அம்மாள் வீட்டுக்கு நான் போனபோது நரூமியின் வண்டி வாசலில் நின்றது. எழுபத்தொன்பது வயது அம்மாள் இரண்டு கோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு சன்னலைத் திறந்தார்.

"பாத்தியா, வந்துட்டாரு, ஊரக் காலி பண்றவரு."

நரூமி சிரிக்க முயன்றார். கம்ப்ரஸருக்குப் போகும் மூன்று வயர்களையும் கழற்றி மீட்டரை வைத்துப் பார்த்தார். "இதயம் நல்லா இருக்கு" என்று முணுமுணுத்தார். பிறகு போர்டின் அருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தார். போர்டு கருகிய வாடை எனக்கே அடித்தது.

மூன்று இடங்களுக்கு போன் செய்தார். ஒவ்வொரு முறையும் போர்டின் எண்ணை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒவ்வொரு முறையும் "அப்படிங்களா" என்று வைத்தார்.

"சொல்லிருங்க தம்பி. நான் பொட்டி கட்டணுமா?"

"இன்னும் ஒரு எடம் இருக்கும்மா. பழைய பெட்டி எங்கயாச்சும் கெடச்சா அதுலேருந்து..."

"பொய் சாட்சி சொல்லாதீங்க" என்றார் கிமியே அம்மாள். நரூமி வைத்த பெயர்களெல்லாம் ஊருக்கே தெரியும். "சூடு காய மண்ணெண்ண ஸ்டவ்வு இருக்கு. கேனத் தூக்கத்தான் கையில தெம்பில்ல. போன மாசம் ஊத்தும்போது பாயெல்லாம் நனைஞ்சு போச்சு. அத எம்பொண்ணு பாத்துட்டா, இனிமே அதத் தொடவே கூடாதுன்னுட்டா."

நரூமி தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சிருங்கம்மா."

"நீங்க என்ன பண்ணுவீங்க."

செந்தாயில் இருக்கும் மகளுக்கு அம்மாள் போன் செய்தார். "ஆமா. இல்லையாம். சரி, இன்னைக்கே வா" என்பதோடு பேச்சு முடிந்தது. என் கையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு, "இதோட நிறுத்திக்கோப்பா. திங்கக்கெழமைக்கும் சேத்துச் சொல்லி வச்சிருந்தேன், அதையும் வேற யாருக்காவது குடுத்துரு" என்றார். பிறகு சன்னலைச் சாத்தினார்.

நான் திரும்பியபோது நரூமி பக்கத்தகட்டை மறுபடி பொருத்திக்கொண்டிருந்தார். ஐந்து திருகுகளை முடுக்கிவிட்டார். ஆறாவது விரலிலிருந்து நழுவிப் பனிக்குள் போய்விட்டது. கையுறையைப் பல்லால் கடித்து உருவிவிட்டு வெறுங்கையை உள்ளே விட்டுத் துழாவினார்.

"விடுங்கண்ணே. இனிமே இந்தப் பெட்டிய யாரு தொறக்கப் போறா?"

அவர் ஒவ்வொரு பிடி பனியாக அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, விரலால் கிளறிப் பார்த்து ஓரமாகப் போட்டார். விரல்கள் சிவந்து, பிறகு வெளுத்தன. இன்னொரு பிடி அள்ளினார்.