கூர் ஜன்னல்

தாம்பரத்தில் நண்பன் மகளின் கல்யாணம். பழைய சர்ச்சின், உச்சி கூம்பிய கூர் ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. சாரல் என் கழுத்தில் விழ, அப்பா நினைவுக்கு வந்துவிட்டார்.

ஏரி உடைந்த வருஷம் ஊரே இந்த சர்ச்சுக்குள்தான் தங்கியதாம். சிறுவனான அப்பா இந்த ஜன்னலுக்கடியில் தூங்கியிருக்கிறார். அதனாலேயே செம்பாக்கத்தில் வீடு கட்டும்போது, இதே மாதிரி ஜன்னல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கொத்தனாரும் அழகாக வளைத்துக் கட்டிவிட்டார். ஜன்னல் கதவைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. கடையில் இருந்ததெல்லாம் சதுரக் கதவுகள். மேலே கூம்பிய பகுதி திறந்தே கிடந்தது.

மழை வந்தால் அம்மா கத்துவாள்: "உங்க சர்ச் ஜன்னல் ஒழுகுது, வந்து பாருங்க!"

"ஒழுகட்டும் விடு. காத்து வருதுல்ல?" என்பார் அப்பா. எங்களைக் காய்ந்த பக்கம் படுக்கவைத்துவிட்டு, ஈரத்தில் தன் பாயை விரித்துக்கொள்வார். நனைந்த சுண்ணாம்பு வாசனையில் நான் தூங்கிப்போவேன்.

அவர் போன மறுமாதமே அந்த இடைவெளியைச் செங்கல் வைத்து அடைத்தவன் நான்தான். அதன்பின் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை.

"அண்ணா, நனையுறீங்களே, இப்படித் தள்ளி உக்காருங்க" என்றாள் பக்கத்திலிருந்த பெண்.

"இருக்கட்டும்மா. காத்து வருது" என்றேன்.