முருகன் கன்னத்தில் செயின் கறை

போன வியாழக்கிழமை சாயங்காலம். என் மனைவி ஜெயந்தி வாசலில் வந்து நின்று இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினாள். உள்ளங்கை முழுக்கக் கறுப்பு.

"பாருங்க. நல்லாப் பாருங்க. உங்க வண்டி பண்ணுன வேலை."

என் வண்டி என்றால் பேட்டரி சைக்கிள். உடம்பைக் குறைக்கிறேன் பேர்வழி என்று நான் ஆசை ஆசையாய் வாங்கியது. நான் ஓட்டியது இரண்டே நாள். அதற்குப் பிறகு ஜெயந்தி எடுத்துக்கொண்டாள். எங்கள் ஆமத்தூரிலிருந்து சிவகாசிக்கு அவள் வேலைக்குப் போவதும் வருவதும் அதில்தான்.

அவளுக்குக் காலண்டர் கம்பெனியில் செக்கிங் வேலை. அச்சாகி வரும் ஷீட்டுகளைப் புரட்டிப் பார்த்து, கலர் ஒதுங்கியதைக் கழித்துவிட்டு, நல்லதைக் கட்டாக அடுக்க வேண்டும். அந்த வேலைக்கு முதல் தகுதி என்ன தெரியுமா? சுத்தமான கை.

கல்யாணமான நாளிலிருந்து கம்பெனி வேனில் போய் வந்தவள் அவள். விடியும் முன்பே ஹாரன் அடிக்கும். ஊர் ஊராக ஆள் ஏற்றும். சாயங்காலம் கடைசி ஆள் கை கழுவிவிட்டு வரும்வரை உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வேன் நேரத்துக்குச் சமையல், வேன் நேரத்துக்குச் சாப்பாடு, வேன் நேரத்துக்குத் தூக்கம். சைக்கிள் வந்ததும் எல்லாம் மாறியது. நினைத்தால் நாரணாபுரம் பக்கம் வண்டியைத் திருப்பி, தங்கச்சி வீட்டில் டீ குடித்துவிட்டு வருவாள். வரும்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும்... அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கொஞ்ச நாளாகவே வண்டி கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டுதான் இருந்தது. ஆடிக் காற்றில் பறக்கும் கரிசல் புழுதி முழுக்கச் செயினில் அப்பியிருந்தது. கண்மாய்க்கரை வளைவில் அவள் திரும்பும்போதே எனக்கு வீட்டில் கேட்கும். வியாழக்கிழமை காலையில் பாதி வழியில் செயின் கழன்றுவிட்டது. இந்த வண்டியில் காலின் மிதி, மோட்டாரின் இழுவை இரண்டுமே செயின் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகும். பேட்டரி நிறைய இருந்தாலும் செயின் இல்லையென்றால் வண்டி நகராது. அவளே குனிந்து மாட்டியிருக்கிறாள். கம்பெனிக்குப் போய் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியும் இருக்கிறாள். ஆனால் நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகவில்லை.

விளைவு? ஒரு கட்டு ஷீட் முழுக்க, முருகன் கன்னத்தில் கட்டைவிரல் அச்சு.

"ஓனர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"இனிமே வேன்லயே வந்துரும்மான்னுட்டாரு. திங்கக்கிழம வரைக்கும் டயம் கேட்டிருக்கேன். அன்னைக்கும் என் கை கறுப்பா இருந்துச்சுன்னா வேன்தான். சைக்கிள நீங்க வித்துருங்க."

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் வேனில் போய் வந்தாள்.

மெக்கானிக்கிடம் கொண்டு போகலாமே என்று கேட்பீர்கள். போனேனே. மோட்டாரைப் பார்த்ததும், "இது கரண்டு வண்டி சார், நமக்கு வேண்டாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். விற்ற கடைக்காரரோ மதுரைக்குக் கொண்டுவரச் சொன்னார். சரிதான், நாமே பார்த்துவிடுவோம் என்று இறங்கிவிட்டேன். செல்போனில் ஒரு வீடியோ தேடி எடுத்தேன். விருதுநகர் போய்ச் செயின் ஆயில் வாங்கினேன். டிராக்டருக்கு வைத்திருந்த டீசலில் கொஞ்சம் ஒரு கிண்ணத்தில் ஊற்றினேன். ஞாயிறு காலையில் நான் இருந்த உற்சாகத்துக்கு, நீங்கள் விமானத்தையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தாலும் கழுவித் தந்திருப்பேன்.

கீழே சொட்டுவதைப் பிடிக்கப் பேப்பர் விரிக்கச் சொல்லியிருந்தார் வீடியோக்காரர். எங்கள் பக்கத்தில் பேப்பருக்கா பஞ்சம்? பரண் முழுக்கக் காலண்டர் வேஸ்ட். எடுத்து விரித்தேன். மேல் ஷீட்டில் லட்சுமி. புரட்டினேன் — பிள்ளையார். அடுத்தது மாதா. அதற்கடுத்து பள்ளிவாசல். எந்த மதத்தையும் விட்டுவைக்காத கட்டு. கடைசியில் ஒரு வழியாக, பூனைக்குட்டியோடு சிரிக்கும் குழந்தை அகப்பட்டது.

"பச்சப்புள்ள மூஞ்சியிலயா டீசல ஊத்தப் போறீக?" என்றாள் ஜெயந்தி.

உரச்சாக்கை விரித்தேன்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுச் செல்வராணி வந்தாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். எங்கள் இரும்பு கேட்டை உள்ளங்கையால் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். கம்பெனிக்குள் நுழையும்போது, உடம்பில் இருக்கும் கரண்டு இறங்குவதற்காக ஒரு தகட்டைத் தொட வேண்டும். அது அவளுக்குப் பழகிப்போய்விட்டது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் கதவைத் தொட்டுவிட்டுத்தான் நுழைவாள். அவளுக்கும் ஒரு பேட்டரி சைக்கிள் வாங்க ஆசை. எங்கள் வண்டி பிழைக்குமா என்று பார்க்க வந்திருந்தாள்.

வந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"டீசல் இருக்கு. பேட்டரி இருக்கு. கையில இரும்பு பிரஷ் இருக்கு. பக்கத்துல செல்போனு இருக்கு. இன்னும் தீப்பெட்டி ஒண்ணுதான் கொறை, அண்ணாச்சி."

அவ்வளவுதான். என் முற்றம் அவள் கம்பெனி ஷெட் ஆகிவிட்டது. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைக்கச் சொன்னாள். அது சரியான யோசனை, ஒத்துக்கொள்கிறேன். ஒரு வாளியில் மணல் வந்தது. ஒரு வாளியில் தண்ணீர் வந்தது. என் இரும்பு பிரஷ் பறிமுதல் ஆனது.

"இது வெடி இல்ல செல்வராணி, செயின்."

"இரும்ப இரும்பு வச்சுத் தேய்க்கிறதப் பாத்தா எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிடுதுண்ணாச்சி. பழைய பல் பிரஷ் எடுத்தாங்க. அந்தச் செல்போனயும் உள்ள வச்சுட்டு வந்துருங்க."

"பாடமே அதுலதான் இருக்கு."

"உள்ள போயிப் பாருங்க. வெளிய வந்து செய்யுங்க."

செல்போன் ஃபிரிட்ஜ் மேல் போய் உட்கார்ந்தது. நான் ஓடினேன். உள்ளே ஒரு பாடம், வெளியே ஒரு வேலை. உள்ளே, வெளியே... உடம்பைக் குறைக்க வாங்கிய சைக்கிள் அன்றைக்குத்தான் தன் கடமையைச் செய்தது.

ஜெயந்தி பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினாள். செல்வராணி டீசலில் நனைத்த பல் பிரஷ்ஷைச் செயினில் பிடித்தாள். பல்சக்கரத்தின் இடுக்குகளை நான் ஒரு குச்சியால் நோண்டினேன். கறுப்புக் கறுப்பாய்ச் சேறு விழுந்தது. சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்தோம். வெயிலில் காயவிட்டோம். உள்ளேயிருந்து வெள்ளி மாதிரி ஒரு செயின் வெளியே வந்தது.

"ஏங்க, இதுல எழுத்தெல்லாம் இருக்குங்க" என்றாள் ஜெயந்தி. கண்ணிக்குக் கண்ணி, கம்பெனி பெயர் பொடி எழுத்தில் பொறித்திருந்தது. மூன்று பேரும் குனிந்து அதை வாசித்தோம். ரிசல்ட் பார்க்கும் பிள்ளைகள் கூட அத்தனை சந்தோஷமாய் வாசித்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது எண்ணெய். உள்ளே ஓடினேன். பெடலைச் சுற்றிக்கொண்டே செயினில் எண்ணெய் விட வேண்டும் என்றார் வீடியோக்காரர். புரிந்துவிட்டது. போனை அப்படியே நிறுத்திவிட்டு வெளியே ஓடிவந்தேன். விட்டேன் எண்ணெயை. எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன விருதுநகர் ஜில்லாக்காரனுக்கு எண்ணெயில் சிக்கனம் வருமா? அபிஷேகமே நடந்தது.

பேட்டரியை மாட்டினோம். ஜெயந்தி கண்மாய்க்கரை வரைக்கும் ஓட்டிப் போனாள். ஒரு சத்தம் இல்லை. செல்வராணி கைதட்டினாள். நானும் தட்டினேன்.

திரும்பி வந்தவள் முகத்தில் சிரிப்பைக் காணவில்லை. சேலைக் கரையில் இருந்து முழங்கால் வரைக்கும் கறுப்புப் பொட்டுகள். செயினில் வழிந்த எண்ணெய் சுழற்சியில் தெறித்திருக்கிறது. மிச்ச எண்ணெயில் கரிசல் புழுதி ஒட்டி, செயின் இட்லிப் பொடியில் புரட்டி எடுத்தது மாதிரி இருந்தது. காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் வீண்.

ஜெயந்தி படியில் உட்கார்ந்தாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"போன எடுத்தாங்க. வேன் டிரைவர்கிட்டச் சொல்லிருதேன், நாளைக்கு நிறுத்தச் சொல்லி."

செல்வராணி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் ஆசையும் சேர்ந்து போகிறதே.

போனை எடுக்க உள்ளே போனேன். ஃபிரிட்ஜ் மேல், நான் நிறுத்திய இடத்திலேயே வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார் வீடியோக்காரர். மனசு கேட்காமல் ஓடவிட்டேன். மனிதர் பாதி வாக்கியத்தில் நின்றிருக்கிறார். எண்ணெய் விட வேண்டும்... கண்ணிக்கு ஒரு சொட்டு. கொஞ்ச நேரம் ஊறவிட வேண்டும். பிறகு வெளியே இருப்பது அத்தனையையும் துடைத்து எடுத்துவிட வேண்டும். எண்ணெய்க்கு வேலை கண்ணிக்கு உள்ளேதான், வெளியே தொட்டால் காய்ந்து இருக்க வேண்டும்.

நான் வெளியே ஓடிவந்த வேகத்தில் மணல் வாளி கவிழ்ந்தது.

"போன் எங்க?" என்றாள் ஜெயந்தி.

"போன் வேண்டாம். துணி வேணும். எம்புட்டு இருக்கோ அம்புட்டும் எடுத்துட்டு வா."

அச்சாபீஸில் மிஷின் துடைக்கும் பனியன் வேஸ்ட் அவளிடம் ஒரு பை இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். டீசல், பிரஷ், சோப்பு, வெயில். இந்த முறை எண்ணெய்ப் பாட்டில் செல்வராணி கையில். சிந்தாமல் விடுவதற்கு, வெடிமருந்தில் பழகிய அவள் கையை விட்டால் வேறு கை ஏது? கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டாள். ஊறட்டும் என்று உட்கார்ந்து டீ குடித்தோம். பிறகு துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு நான் சுற்றினேன், துடைத்தேன், சுற்றினேன், துடைத்தேன். துணியில் கறுப்பு குறைந்துகொண்டே வந்தது. கடைசித் துணி கிட்டத்தட்ட வெள்ளையாகவே திரும்பி வந்தது.

ஜெயந்தி வேன் டிரைவருக்குப் போன் போடவில்லை.

திங்கட்கிழமை சைக்கிளில் போனாள். எனக்கு அன்றைக்குத்தான் பத்திரிகைக்கு இந்தப் பத்தியை எழுதி அனுப்ப வேண்டிய நாள். ஒரு வரி ஓடவில்லை. இந்நேரம் எங்கே போயிருப்பாள்? செயின் கழலாமல் நின்றிருக்குமா? மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, யோசிக்கலாம் என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

முதுகில் பளீரென்று ஓர் அடி விழுந்தது. தூக்கிவாரிப் போட்டு எழுந்தேன். ஜெயந்தி நின்றுகொண்டிருந்தாள். வாசலில் சைக்கிள்.

"பனியனக் கழத்திப் பாருங்க."

கழற்றினேன். சலவைக்குப் போய் வந்த வெள்ளைப் பனியன். அடி விழுந்த இடத்தில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

"ஓனரு என் கையத் திருப்பித் திருப்பிப் பாத்தாருங்க. போயி ஷீட்டப் பாருன்னுட்டாரு." அந்தச் சிரிப்பு திரும்பி வந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம். "நாரணாபுரம் போயி டீயும் குடிச்சிட்டுத்தான் வாரேன். ஆமா, எழுதியாச்சா?"

இதில் நஷ்டம் எனக்கு மட்டும்தான். முன்பெல்லாம் கண்மாய் வளைவில் கீச்சுச் சத்தம் கேட்டதுமே எழுந்து, பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு தீவிரமாக எழுதுகிற மாதிரி உட்கார்ந்துவிடுவேன்... இனிமேல் உண்மையாகவே எழுத வேண்டும்.