பாஞ்சாலியின் முடி

அன்று எங்கள் மேனாம்பேட்டு வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், அம்மா, எங்கள் கூத்து வாத்தியார், பாடி ஊரிலிருந்து வந்திருந்த, எனக்குப் பார்த்த பெண்ணின் அப்பா, அவர் கையோடு கூட்டி வந்த முடி வெட்டுகிறவர். ஆவடியில் வெள்ளைக்காரப் பட்டாளம் வந்து இறங்கிய வருஷம் அது.

கத்திப் பெட்டியைப் பார்த்ததுமே முடியை அள்ளி முடிந்துகொண்டேன். இடுப்புவரை தொங்கும் என் முடியைப் பார்த்தே முன்பு இரண்டு சம்பந்தம் தட்டிப் போயிருந்தது. கூத்தில் நான்தான் பாஞ்சாலி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வேறு என்ன தெரியும். அம்மன் திருவிழாக் கூத்துக்குத் தாம்பூலம் வாங்கிவிட்டால், திருவிழா முடியும்வரை முடியில் கத்தி படக்கூடாது. நான் வாங்கிவிட்டேன். வாத்தியார் கொடுத்த அச்சாரம் எட்டு ரூபாயும் கூரைக்கு ஓலையாகப் போய்விட்டது.

பயந்தால் என் குரல் தானாக மேலே ஏறிவிடும். அதனால் பெண்ணின் அப்பாவை "வாங்க" என்று சொல்லாமல் கும்பிட மட்டும் செய்தேன். அது மரியாதைக் குறைவாகப் பட்டிருக்குமோ என்று அதற்கும் கவலை.

அவர் மோரை வாங்கி வைத்தார், குடிக்கவில்லை.

"பையன் மேல கொற ஒண்ணும் இல்லம்மா," என்றார் அம்மாவிடம். "பொம்பள வேசம் கட்றான்னு சிரிக்கிறானுங்க, அதக்கூட நான் கண்டுக்கல. போன வருசம் எங்கூர் திருவிழால தலைய விரிச்சுப் போட்டுகினு வந்து நின்னான். என் ஊட்டுக்காரி கற்பூரம் ஏத்தி இவன் கால்ல வுழுந்து கும்புட்டா. பொண்ணுக்கு நல்ல எடம் அமையணும்னு வேண்டிகினா. இப்ப அவனே மருமவனா வந்தா அவ இன்னா பண்ணுவா? சோறு போடுவாளா, சூடம் காட்டுவாளா?"

வாத்தியார் மட்டும் சிரித்தார்.

"முடிய எடுத்துட்டு, இனிமே அந்த வேசம் கட்ட மாட்டேன்னு இவன் வாயால சொல்லட்டும். சாயந்தரமே தட்டு மாத்திக்கலாம். இல்லாங்காட்டி நாங்க கெளம்பறோம்."

வாத்தியாரின் சிரிப்பு நின்றது. "அது இவன் முடி இல்ல நைனா. திருவிழா முடியறவரைக்கும் அம்மனோட முடி."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டினால் அம்மன் என்ன செய்வாளோ. வெட்டாவிட்டால் நான்காவதாக ஒரு சம்பந்தம் வருமா.

"நீ சொல்லு," என்றார் பெண்ணின் அப்பா.

"வெட்டிடுங்க. இனிமே கட்ட மாட்டேன்," என்றேன். பாஞ்சாலியின் குரலிலேயே வந்தது. கும்பிடப் போவதுபோல் பெண்ணின் அப்பாவுடைய கைகள் பாதி எழுந்தன. பிறகு தோளில் துண்டைத் தேடின.

வெட்டி முடியும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது, தரையில் கிடந்த முடியை வாத்தியார் ஓர் இழை விடாமல் வாரித் துண்டில் முடிந்துகொண்டிருந்தார்.

"இத சவுரியா கட்டி வேற எவன் தலைலயாவது வெக்கணும். அச்சாரத்துல முடிக்கு ரெண்டு ரூபா கழிச்சுக்கறேன். மீதி எப்ப தருவே?"

"தை மாசம்," என்றேன்.

சாயந்தரம் தட்டு மாற்றினோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமியார் ஒருநாளும் என் எதிரில் உட்கார்ந்ததில்லை. வாத்தியார் எதிரே வந்தால் நான் சந்து மாறி நடந்தேன். எத்தனையோ தை போய்விட்டது. அவருக்குத் தரவேண்டியது இன்னும் ஆறு ரூபாய்.