அக்காவின் வயிற்றெரிச்சல்

என் தங்கைக்கு முகம் வீங்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். சிரிக்காதீர்கள். அவளுக்கு உதடு வீங்கினால் வீடே அவளைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவாள். "வலிக்குதா ஆத்தா?" என்று தடவித் தடவிக் கேட்பாள். என்னை அம்மா ஒருநாளும் 'ஆத்தா' என்று கூப்பிட்டதில்லை. எனக்கு எப்போதும் 'ஏண்டி'தான்.

எழுபதுகளின் கடைசி அது. வீடு ராசிங்காபுரத்தில், போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம். காய் எடுக்கும் நாட்களில் விடிவதற்குள் ஜீப்பில் ஏறவேண்டும். முகம் வீங்கியவளுக்கு விடுமுறை. நான் செடியடியில் குனிந்து கிடப்பேன்.

எனக்கும் ஒன்று வரும். திடீரென்று வயிறு கல்லாக இறுகும். வாந்தி எடுத்துச் சுருண்டு படுப்பேன். இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும். வீக்கம் என்றால் ஊரே பார்க்கும். வலிக்குச் சாட்சி ஏது? ஒருமுறை அவளுக்குக் கை வீங்கிய அன்றே எனக்கும் வலி வந்தது.

"தங்கச்சியக் கவனிச்சா இவளுக்கு வயித்தெரிச்சல். எந்திரிச்சு வெரசா சோலியப் பாருடி" என்றாள் அம்மா.

வலி நிஜம். வயிற்றெரிச்சலும் நிஜம். இரண்டும் ஒரே இடத்தில் இருந்ததால் நானே குழம்பிப்போனேன்.

எண்பதுகளில் ஒரு சாயங்காலம் தங்கைக்குத் தொண்டை வீங்கி மூச்சு இழுத்தது. போடிக்கு ஓடி, அங்கிருந்து மதுரைக்கு ஓடினோம். கழுத்தில் துளை போட்டுத்தான் காப்பாற்றினார்கள். அலர்ஜி ஊசி எதற்கும் வீக்கம் வடியாததால் டாக்டருக்குச் சந்தேகம். வீட்டில் வேறு யாருக்காவது ஏதாவது வருமா என்று கேட்டார். அம்மா இல்லை என்றாள். பேச முடியாத தங்கை என்னை நோக்கி விரலை நீட்டி, தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். என் வலியைக் கண்டுபிடித்த பேரும் அவளுக்கே! எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.

வெளியூருக்கு அனுப்பிய ரத்தத்தில் இருவருக்கும் ஒரே குறை. டாக்டர் அம்மாவுக்கு விளக்கினார்: "கிருமிய அடிக்க ரத்தத்துல காம்ப்ளிமென்ட்னு ஒரு கூட்டம் புரதம் இருக்கும்மா. ஒண்ணு அடுத்ததை எழுப்பிவிடும். போதும்னு அடக்க இன்னொரு புரதம் வேணும். ரத்தக்குழாய்ல நீர் கசியாம பாத்துக்கிறதும் அதுதான். இவங்களுக்கு அது கம்மி. அதான் சின்னவளுக்கு முகம் வீங்குது, பெரியவளுக்குக் குடல் வீங்குது."

"அப்ப இது வயித்தெரிச்சல் இல்லையா சார்?"

டாக்டருக்கு அம்மாவின் கேள்வி புரியவில்லை.

ரயிலில் திரும்பும்போது அம்மா எங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். உசிலம்பட்டி தாண்டியதும் என் வயிற்றில் கை வைத்தாள்.

"இப்ப வலிக்குதா ஆத்தா?"

எத்தனை வருஷமாகக் காத்திருந்த சொல்! அம்மாவுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். கழுத்தில் கட்டோடு தங்கை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.