சோதனைக் கம்பி

மதகடிப்பட்டைத் தாண்டினால் இங்கிலீஷ்காரன் எல்லை. அங்கே சுங்கச்சாவடியில் இருந்த சேவகர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒல்லி உடம்பு, கையில் எப்போதும் ஓர் இரும்புக் கம்பி. எங்கள் பிரெஞ்சுப் பக்கத்துச் சாராயம் ஒளிந்திருக்குமோ என்று எந்தச் சுமையையும் குத்தி, கம்பி நுனியை முகர்ந்த பிறகே விடுவார்.

எல்லைக்கு அப்பாலிருந்த என் கொல்லை நிலத்தில் நடுவதற்காக மிளகாய் நாற்றைக் கூடையிலேயே வளர்த்திருந்தேன். சுமக்கும்போது தலையில் சொட்டக்கூடாதென்று கூடையைச் சாணியும் களிமண்ணும் போட்டு மெழுகியிருந்தேன். நாற்று வாடியது. தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் வாடியது.

சாவடியில் சேவகர் கூடை மண்ணில் கம்பியைச் செருகி முகர்ந்தார்.

“இன்னாய்யா, அழுகல் நாத்தம் அடிக்குது?”

“வெயிலுக்கு வாடுதுங்க அய்யா. தண்ணி ஊத்திக்கினுதான் வரேன்.”

“மெழுகி வெச்சிட்டா ஊத்துன தண்ணி எங்க போவும்? வேரு மூச்சு முட்டிக் கெடக்குது.”

கூடையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அதே கம்பியால் அடியில் ஓட்டை ஓட்டையாகக் குத்தினார். கறுப்புத் தண்ணீர் அவர் காக்கி உடுப்பில் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

“மேல் மண்ணு காஞ்சா மட்டும் ஊத்து. போ.”

பாதிக்கு மேல் பிழைத்தது.

மறு வருஷமும் நாற்றோடு போனேன். என்னைத் தெரிந்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. கம்பியைச் செருகினார், முகர்ந்தார், “போ” என்றார். அவர் தேடியது சாராயத்தையா, அழுகலையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.