ஒரு வாய் தண்ணீர்

செக்யூரிட்டி சீருடையைக் கண்டாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை வாசலில் நின்றவரால் வந்த வினை அது.

நான் மிருகக்காட்சிசாலை டாக்டர். வடக்கேயிருந்து லாரியில் ஒரு காட்டெருமைக் கிடாரியைக் கொண்டுவந்தோம். எளாவூர் தாண்டியதும் கூண்டின் அடிப்பலகை உடைந்து அதன் பின்னங்கால் சிக்கிக்கொண்டது. மயக்க ஊசி போடாமல் எடுக்க வழியில்லை. நிழல் தெரிந்த முதல் கேட்டுக்குள் வண்டியை விடச் சொன்னேன்.

"இன்னா மேடம், லோடு வண்டி வர்ற நேரம். எட்த்துக்கினு போங்க" என்று ஆரம்பித்தவர் ஓயவேயில்லை. சத்தம் போட்டால் மிருகம் மிரளும், மருந்து ஏறாது என்றேன். விசிலை எடுத்து ஊதினார். அந்த மனுஷனால் இன்னொரு ஊசியும் போட வேண்டியதாயிற்று.

மருந்து கூடிப்போய், நான் பயந்தபடியே அதன் மூச்சு தளர்ந்தது. நாக்கு நீலம் பாரித்தது, வயிறு உப்பியது. பக்கவாட்டில் சரிந்து கிடந்ததை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, மூட்டைகளை அண்டக் கொடுத்து, வாயில் வருவது வெளியே வழியட்டும் என்று மூக்கைத் தாழ்த்தி வைத்தோம். ஆக்சிஜன் கொடுத்ததும் நாக்கு சிவந்தது. காலையும் விடுவித்தோம். யாரும் தொடக் கூடாது என்று அதட்டிவிட்டு, மயக்கம் தெளியும் ஊசியை எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தால், அவர் கூண்டுக்குள் தலையை விட்டு, கிடாரியின் முகத்தைத் தூக்கிப் பிடித்து, தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். மயக்கத்தில் அதற்கு விழுங்க வராது. அத்தனையும் நுரையீரலுக்குத்தான் போகும். பாட்டிலைத் தட்டிவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"நாக்கு தொங்கினு இருந்துச்சு மா. பாவமா இருந்துச்சு."

பாவமாம்.

கிடாரி எழுந்தது, ஊர் வந்து சேர்ந்தது. ஆனால் நுரையீரலில் சீழ் பிடித்து, எந்த மருந்துக்கும் அடங்காமல், அந்த வாரமே செத்துப்போனது.

டிரைவரிடம் நம்பர் வாங்கி அவர் போன் செய்தார். செத்துவிட்டது என்றேன். "ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுதானே போச்சு, இல்லமா?" என்றார்.

அந்தத் தண்ணிதான்யா கொன்றது என்று நாக்கு நுனிவரை வந்தது. "ஆமாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்த ஒரு சொல்லை என்னைச் சொல்ல வைத்ததற்காக, அவரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.